வ என்றால் எந்தப் பக்கம்

அன்று பட்டறையில் இருந்தவர்கள் நான்கு பேர். என் சேஃப், நான், மான்கொம்பு கொண்டுவந்த அண்ணை, அவருடைய மனைவி. சேஃப்பின் நாய் கதவடியில் படுத்திருந்தது. தபால்காரப் பெண் பதினொரு மணிபோல வந்தாள், ஆனால் பெட்டியில் போட்டுவிட்டுப் போய்விட்டாள், உள்ளே வரவில்லை. இதை நான் எத்தனையோ தடவை எண்ணிப் பார்த்துவிட்டேன். நான்கு பேர்தான். அதில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் மூன்று பேர்.

சேஃப் என்றால் டெனிஸ் மொழியில் வேலை கொடுப்பவர், மேலே இருப்பவர். ஊரிலிருக்கும் என் அக்காவிடம் தொலைபேசியில் "என்ர சேஃப் நல்லவ" என்று சொன்னபோது, நான் ஏதோ ஹோட்டலில் வேலை செய்கிறேன் என்று நினைத்து, அங்கே என்ன சமைக்கிறீர்கள் என்று கேட்டாள். செத்த மானுக்குத் தோல் போர்த்து உயிரோடிருப்பதுபோல ஆக்கும் இடம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "தையல் வேலைதான்" என்றேன். அது பொய்யும் இல்லை.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. இங்கே டென்மார்க்குக்கு வந்து ஹேர்னிங்கில் ஒரு தையல் தொழிற்சாலையில் வருடக்கணக்காகப் பொக்கெற் தைத்தேன். பொக்கெற் மட்டும்தான். காற்சட்டையின் மற்றப் பகுதிகள் எங்கே தைக்கப்பட்டன என்றுகூட எனக்குத் தெரியாது. அதை மூடினார்கள். பிறகு துப்புரவு வேலை, பிறகு இடுப்பு நோ, பிறகு வேலை தேடித்தரும் கந்தோர். அங்கிருந்த பெண் என்ன தெரியும் என்று கேட்டாள். தைக்கத் தெரியும் என்றேன். அவள் கணினியில் எதையோ தட்டி, வைலேக்குப் போகும் வழியில், பழைய மாட்டுக் கொட்டிலைத் திருத்திப் பட்டறையாக்கியிருந்த இந்த இடத்துக்கு என்னை அனுப்பிவிட்டாள். மூன்று மாதம் பயிற்சி. சம்பளம் கொமுன், அதாவது நகரசபை, கொடுக்கும். மூன்று மாதம் முடிய சேஃப் விரும்பினால் என்னைச் சொந்தமாக வேலைக்கு எடுக்கலாம். விரும்பாவிட்டால் நான் திரும்பவும் அந்தக் கந்தோர்க் கதிரைக்குப் போகவேண்டும். எனக்கு ஐம்பத்து நான்கு வயது. அந்தக் கதிரைக்குத் திரும்பிப் போனால் அதிலிருந்து எழும்பமாட்டேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

சேஃப்புக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அதிகம் கதைக்கமாட்டாள். முதல் வாரம் லாச்சியைத் திறந்தபோது உள்ளே நூறு கண்ணாடிக் கண்கள் என்னைப் பார்த்ததில் நான் கத்திவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. அடுத்த நாள் அந்த லாச்சியின் மேல் ஒரு கண் படம் கீறி ஒட்டியிருந்தாள். அப்படிப்பட்ட ஆள். என் தையலைப் பார்த்து ஒரு தடவை மட்டும் "இது நல்லது" என்றாள். மயிரைக் கிளப்பிவிட்டால் தையல் எங்கே ஓடுகிறது என்று தெரியக்கூடாது. அது எனக்கு வந்தது. பொக்கெற் தைத்த கை.

மூன்றாம் மாதம் தொடங்கியபோது சேஃப் சொன்னாள்: "ஒரு தலையை நீயே தனியாகச் செய். அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன்." எந்தத் தலை என்று கேட்டேன். "உங்கள் ஆள் கொண்டுவந்த கொம்புக்கான தலை" என்றாள்.

எங்கள் ஆள் என்பவர்தான் அந்த அண்ணை. மன்னார்ப் பக்கம். பன்றி இறைச்சி வெட்டும் தொழிற்சாலையில் வேலை. கூட வேலைசெய்யும் டெனிஸ்காரரோடு சேர்ந்து வேட்டைப் பரீட்சை எழுதி, சித்தியெய்தி, தோளில் துவக்கோடு காட்டுக்குப் போகும் ஒரே தமிழர், எனக்குத் தெரிந்து. கோடையின் தொடக்கத்தில் அவர் தன் முதல் மானைச் சுட்டார். இங்கே வயலோரங்களில் நாய் உயரத்தில் நிற்கும் சின்ன ஆண்மான். அதன் கொம்பைத்தான், மனைவியோடு வந்து, ஒரு கடைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார்.

கொம்பைப் பார்த்ததும் சேஃப் கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தாள். இரண்டும் ஒரே மானின் கொம்பு என்று நம்ப முடியாது. வலது கொம்பு ஒழுங்காக, மெல்லிசாக, மூன்று கிளையோடு நின்றது. இடது கொம்பு அடியிலேயே வீங்கி, ஒரு கைமுட்டி மாதிரித் திரண்டு, பக்கவாட்டில் சரிந்திருந்தது. எப்போதோ அடிபட்டிருக்கவேண்டும் என்றாள் சேஃப். இப்படியானது வேட்டைக்காரருக்கு நல்ல கொம்பைவிடப் பெரிதாம்.

"தோல் எங்க அண்ணை?" என்று நான் கேட்டேன்.

"தோலோ? தோல் ஏன் பிள்ளை? கொம்புதானே முக்கியம்."

"தோல் இல்லாமல் எப்பிடி அண்ணை மானாக்கிறது?"

அவர் கூரையைப் பார்த்தார். அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர்தான் வாயைத் திறந்தார். "உண்மையைச் சொல்லுங்கோவன் அப்பா. தலையை வாட்டிச் சுரண்டிக் கறி வைச்சாச்சு தங்கச்சி. எட்டுப் பேர் திண்டது. கொம்பை மட்டும் இவர் அரிஞ்சு எடுத்து வைச்சவர்."

"நல்ல கறி," என்றார் அண்ணை. "ஆட்டுத்தலை கிட்ட நிக்காது."

என்ன சொல்கிறார்கள் என்று சேஃப் கேட்டாள். "தோல் பழுதாகிவிட்டது" என்றேன். அவள் என்னையும் பார்த்தாள், அவர்களையும் பார்த்தாள். "இவ்வளவு நேரம் கதைத்தது அதைத்தானா?" என்று கேட்டாள். எனக்குக் காது சுட்டது.

அவசரமும் சொன்னார் அண்ணை. வேட்டைக்குப் போகும் கூட்டாளிகள் டிசம்பரில் நத்தாருக்கு முன் அவர் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்கள். "சுவரில மான் இல்லாட்டி நான் சுட்டது கதையெண்டு நினைப்பாங்கள் பிள்ளை. அவங்களுக்குப் பொய் சொல்லுறவன் எண்டால் ஆகாது." ஆயிரத்து ஐந்நூறு குரோனர் முற்பணம் கட்டினார். மொத்தம் நாலாயிரத்து இருநூறு. தோலுக்கு சேஃப் தன்னிடம் இருந்த வேறொரு மானின் தோலை எடுத்தாள். தோல் பதனிடும் இடத்துக்குப் போய் வந்த நல்ல தோல், ஒன்றே ஒன்றுதான் அந்த அளவில் இருந்தது.

பிரச்சினை அங்கேதான். அந்தத் தோலுக்குச் சொந்தமான மானுக்கு இரண்டு கொம்பும் ஒரே தடிப்பு. ஆகவே தோலில் கொம்புக்கான இரண்டு ஓட்டையும் ஒரே அளவு. எங்கள் கொம்போ ஒன்று மெல்லிசு, ஒன்று தடிப்பு. தடித்த பக்கத்து ஓட்டையைச் சுற்றிவரக் கொஞ்சம் வெட்டிப் பெருப்பிக்கவேண்டும். மற்றதைத் தொடவே கூடாது. சேஃப் கொம்பின் அடியை அளந்து, ஒரு துண்டுக் காகிதத்தில் V 8 என்று எழுதி என்னிடம் தந்தாள். டெனிஸில் இடது பக்கம் என்பது வென்ஸ்தர. அதன் முதலெழுத்து V. எட்டு என்றால் எட்டு மில்லிமீற்றர். இது எனக்கு நன்றாகத் தெரியும். பஸ்ஸில் இறங்கி வென்ஸ்தரவில் திரும்பு என்று யாரும் சொன்னால் சரியாகத்தான் திரும்புவேன்.

அவள் தந்த துண்டு நனைந்து கிழிந்துவிடுமோ என்று எனக்குப் பயம். எதற்கும் பயம்தான், என் வீட்டுக்காரர் சொல்வார், மழை வராவிட்டாலும் நான் பயப்படுவேன் என்று. ஆகவே வழக்கம்போல ஒரு மட்டையை எடுத்து, என் கையால், பெரிய எழுத்தில், எனக்கு விளங்கும்படி எழுதிச் சுவரில் குத்தினேன். அவள் எழுதியிருந்தது V 8. நான் எழுதியது வ 8. டெனிஸ் பெயர்களைத் தமிழில் எழுதும்போது செய்வோமே, ஒலிக்கு ஒலி, அப்படி. எழுதும்போது எனக்கு அது இடது பக்கம் என்று தெரிந்துதான் இருந்தது.

அடுத்த நாள் புதன்கிழமை. சேஃப் ஓகூஸ் நகரத்துக்குப் போய்விட்டாள், நான் தனியே. தோலை உட்பக்கம் வெளியே வரும்படி புரட்டி மேசையில் விரித்தேன். புரட்டினால் இடம் வலம் மாறிவிடும், அதில் பலபேர் பிழைவிடுவார்கள் என்று சேஃப் முதலே சொல்லியிருந்தாள். ஆகவே நான் புரட்டுவதற்கு முன்பே இடது காதில் ஒரு நூல் முடிச்சும் வலது காதில் இரண்டு முடிச்சும் போட்டு வைத்திருந்தேன். மூன்று தடவை சரிபார்த்தேன். கையால் காதைப் பிடித்து, முடிச்சை எண்ணி, வாய்விட்டுச் சொன்னேன். பிறகு நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன். வ 8. வலது, எட்டு. இரண்டு முடிச்சுப் போட்ட பக்கத்தில் கத்தியை வைத்தேன். அவ்வளவு கவனமாக ஒரு பிழையை நான் அதற்கு முன் விட்டதில்லை.

வெட்டி எடுத்த தோல் வளையத்தை எறியாமல் ஈரத்துணியில் சுற்றி வைத்தேன். அது தொழிற்சாலைப் பழக்கம்.

வியாழக்கிழமை காலை அண்ணையும் அக்காவும் சொல்லாமல் வந்து நின்றார்கள். ஹேர்னிங்கில் ஒரு பிறந்தநாளுக்குப் போகிற வழியாம். அண்ணை கோட் சூட்டில், அக்கா பட்டுச் சேலைக்கு மேல் குளிர் ஜக்கெற்றோடு. பார்க்கட்டும் என்றாள் சேஃப். எனக்கு யாரும் பார்த்துக்கொண்டு நின்றால் கை ஓடாது. ஆனால் எப்படிச் சொல்வது?

இறுகிய செயற்கை நுரையில் செய்த தலையில் கொம்பை ஏற்கெனவே திருகி இறுக்கியிருந்தேன். கண்ணும் வைத்தாயிற்று. பசை பூசி, ஈரத்தோலை மூக்குப் பக்கமிருந்து மேலே இழுத்துக்கொண்டு வந்தேன். பிடரியிலிருந்து ஒரு வெட்டு மேலே வந்து, கவட்டைபோலப் பிரிந்து, ஒவ்வொரு கொம்புக்கும் போகும். அந்த வெட்டால் கொம்பை விட்டுத் தோலை அதன் அடியோடு பொருத்த வேண்டும். இடது பக்கம் இழுத்தேன், வரவில்லை. இன்னும் இழுத்தேன். காது பின்னால் போய், கண்ணின் மேல் தோல் ஏறி வந்தது. வலது பக்கம் பார்த்தேன். மெல்லிய கொம்பைச் சுற்றி ஒரு விரல் போகும் அளவுக்கு வெறும் நுரை மஞ்சளாகத் தெரிந்தது.

"என்ர மான் கண்ணடிக்குது," என்றார் அண்ணை.

"பகிடி விடாதேங்கோ," என்றார் அக்கா. "தங்கச்சி, ஒரு பக்கம் இழுத்துக்கொண்டெல்லே நிக்குது. வாதம் வந்த ஆள் மாதிரி."

சேஃப் எழும்பி வந்தாள். குனிந்து வலது கொம்படியை விரலால் தடவினாள். "இந்த ஓட்டை ஏன் இவ்வளவு பெரிது?" என்றாள். அந்த நேரத்தில்தான் நான் சுவரைப் பார்த்தேன். பார்த்தவுடனே விளங்கிவிட்டது.

நான் வாயைத் திறப்பதற்குள் சேஃப்பே ஒரு வழி சொன்னாள். தோல் பதனிடுகிறவர்கள் முன்பும் ஒரு தடவை ஓரத்தை அளவில்லாமல் வெட்டியிருக்கிறார்கள், இதுவும் அவர்கள் வேலையாகத்தான் இருக்கும், எழுதிக் கேட்கிறேன் என்றாள். நான் தலையை ஆட்டினேனா, இல்லையா? ஆட்டவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இல்லை என்றும் சொல்லவில்லை.

அக்கா சுவருக்குக் கிட்டப் போய் மட்டையைப் பார்த்தார். வாய்விட்டு வாசித்தார். "வ எட்டு. வலது எட்டு எண்டு எழுதிக்கிடக்கு."

"அது என்ர எழுத்து அக்கா," என்றேன். "சேஃப் எழுதினது இடது."

அண்ணைக்கு உடனே விளங்கிவிட்டது. இறைச்சித் தொழிற்சாலையில் பிழை என்றால் என்ன, அது யார் தலையில் விடியும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். "சும்மா இரும்," என்றார் மெல்ல. "மூச்சுக் காட்டாதையும். இவவுக்கு உது வாசிக்கத் தெரியாது. தோல்காரன்ர பிழை எண்டு அவவே சொல்லுறா. உமக்கு என்ன வந்தது?"

"அண்ணை, அது சரியில்லை."

"உமக்கு வேலை வேணுமோ வேண்டாமோ?"

பிறகு சேஃப் பக்கம் திரும்பி, தன் டெனிஸில், கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார்: தோல்காரர் கூடாதவர்கள், தனக்குத் தோல் தெரியும், தான் இருபது வருடம் கத்தி பிடித்தவர், இது நிச்சயம் அவர்கள் வெட்டிய வெட்டுத்தான். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை சொன்னார். சேஃப் தலையாட்டிக் கேட்டாள். பிறந்தநாளுக்கு நேரமாகிறது என்று அக்கா சேலையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டார். போகும்போது அண்ணை என் தோளில் தட்டி, "யோசியாதையும் பிள்ளை, நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" என்றார். அந்தச் சொல்தான் என்னை இன்னும் பயப்படுத்தியது. சொல்லமாட்டேன் என்றால் சொல்ல ஒன்று இருக்கிறது.

தோல் காய்வதற்கு முன் கையை ஓட்டவேண்டியிருந்தது. இடது பக்கம் எட்டு மில்லிமீற்றர் வெட்டினேன். காது தன் இடத்துக்கு வந்து, கண் திறந்தது. ஈரத்துணியில் வைத்திருந்த வளையத்தை எடுத்து, மயிர் போகிற திசை பார்த்து, வலது பக்கத்தில் திரும்பவும் தைத்தேன். நெற்றியில் மயிர் கட்டை, மறைப்பதற்கு ஒன்றுமில்லை. முக்கோண ஊசி, மெழுகு நூல், ஒரு சென்ரிமீற்றருக்குப் பன்னிரண்டு தையல். தைக்கும்போது பின்னால் சேஃப் கணினியில் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. தோல் பதனிடும் இடத்தில் என்னைப் போல ஒரு ஆள் இருக்கும், அந்த ஆளை யாரோ கூப்பிட்டு இது உன் வேலையா என்று கேட்பார்கள் என்று நினைத்தேன். அந்த ஆள் இல்லை என்று சொல்லும். நம்பமாட்டார்கள். இதை நினைக்க நினைக்க ஊசி ஈரமாகி வழுக்கியது.

மூன்று மணிக்கு அவள் கோப்பி ஊற்றினாள். நான் மட்டையைச் சுவரிலிருந்து கழற்றி அவள் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இது என்ன எழுத்து?" என்று கேட்டாள்.

"வ."

"V தானே?"

"ஓம். இல்லை. உன்னுடைய V. ஆனால் என் மொழியில் வலது பக்கத்துக்கு இதுதான் முதலெழுத்து." என் டெனிஸ் அந்த இடத்தில் உடைந்துவிட்டது. கொம்பைக் காட்டினேன், கத்தியைக் காட்டினேன், என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். தோல்காரர் இல்லை, நான்.

அவள் மட்டையைத் தூக்கி நெடுநேரம் பார்த்தாள். அதில் பார்க்க இருந்தது ஒரு எழுத்தும் ஒரு இலக்கமும்தான். "நான் அவர்களுக்கு ஒரு மணிக்கே எழுதிவிட்டேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம். கணினிக்குத் திரும்பி, மன்னிப்புக் கேட்டு இன்னொரு கடிதம் எழுதினாள். நான் நின்றுகொண்டிருந்தேன். இரு என்று அவள் சொல்லவில்லை. அனுப்பிவிட்டுத் திரும்பிக் கேட்டாள்: "உங்கள் ஆள் தோல்காரர் பிழை என்று மூன்று தடவை சொன்னார். அவருக்கும் இது தெரியுமா?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. எனக்கு வரக்கூடிய கெடுதி எல்லாவற்றையும் அன்று மத்தியானம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்திருந்தேன், இதை நினைக்கவில்லை. தெரியும் என்றால் அவர் பொய்யன். தெரியாது என்றால் நான் திரும்பவும் பொய் சொன்னவள். நான் நிலத்தைப் பார்த்தேன். அவளுக்கு அது போதுமாயிருந்தது.

அடுத்த நாள் அவள் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னாள்: பிழை எங்கள் பட்டறையில் நடந்தது, தோல்காரருடையது அல்ல. தையல் தெரியாதபடி வந்திருக்கிறது, ஆனால் விருப்பமில்லை என்றால் வேறு தோல் கிடைக்கும்வரை காத்திருக்கலாம். அவர் இதையே எடுக்கிறேன் என்றாராம். தலை காய்ந்து முடிந்து அவர் எடுத்துப்போன நாள் நான் கந்தோரில் இருந்தேன். மிச்சக் காசைப் பிறகு அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இன்னும் அவர் கட்டவேண்டியிருந்தது இரண்டாயிரத்து எழுநூறு.

சேஃப் என்னை வேலைக்கு எடுத்தாள். முழுநேரம் அல்ல, கிழமைக்கு இருபது மணித்தியாலம், மார்ச் முடியும்வரை. பிறகு பார்ப்போம் என்றாள். கந்தோர்ப் பெண் எனக்குக் கைகொடுத்து வாழ்த்தினாள். எனக்கு அந்தப் பார்ப்போம் மட்டும்தான் காதில் நின்றது. இப்போது சேஃப் அளவுகளுக்கு எழுத்துப் போடுவதில்லை, இடதுக்குச் சிவப்பு நாடா, வலதுக்கு நீலம்.

நத்தார் கழிந்து ஹேர்னிங்கில் தமிழ்க்கடையில் அவர்களைக் கண்டேன். அண்ணை உறைமீன் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார். நான் போய், "அண்ணை, சுகமோ?" என்றேன்.

"சுகம்," என்றார், மீனைப் பார்த்தபடி. பிறகு நிமிர்ந்தார். "உங்களைக் காப்பாத்தத்தான் நான் வாயைக் குடுத்தது. நீங்கள் போய் என்னைப் பொய்யனாக்கிப்போட்டியள். அந்தப் பொம்பிளை என்னோட கதைச்ச விதம் உங்களுக்குத் தெரியுமோ? நான் இருபது வருஷம் ஒரு டெனிஸ்காரனிட்டையும் அப்பிடிப் பேச்சுக் கேட்டதில்லை."

அதுவரை என்னை நீர், பிள்ளை என்றுதான் கூப்பிடுவார். அன்று அந்நியரிடம் கதைப்பதுபோல நீங்கள். அடித்திருந்தாலும் அவ்வளவு நொந்திருக்காது.

"நான் உங்கட பேரைச் சொல்லேல்லை அண்ணை."

"சொல்லத் தேவையில்லை. பேசாமல் நிண்டாலே போதும்." மூடியை அடித்து மூடிவிட்டு அரிசிப் பக்கம் போய்விட்டார்.

அக்கா என் கையைப் பிடித்தார். "மனசில வைக்காதையும் தங்கச்சி. மான் சுவரில இருக்குது. வந்தவையள் எல்லாம் நல்ல வடிவெண்டுதான் சொன்னவை. தையல் ஒருத்தருக்கும் தெரியேல்லை. இவர்தான் அந்தப் பக்கம் பார்க்கிறேல்லை." காசைப் பற்றி அவரும் கதைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்கும் உரிமை எனக்கு எங்கிருந்து வரும்?

சேஃப் திங்கட்கிழமைகளில் கட்டப்படாத கணக்குகளைத் தாளில் எடுத்து மேசையில் வைப்பாள். உங்கள் ஆள் தொலைபேசியை எடுப்பதில்லை, நீ ஒரு தடவை கதைத்துப் பார் என்று ஒரு தடவை சொன்னாள். திரும்பச் சொல்லவில்லை. நானே கட்டிவிடலாமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். "கட்டினால் அவர் உன்னை ஒருநாளும் மன்னிக்கமாட்டார்" என்றார். அது சரியாகத்தான் இருக்கவேண்டும். ஆனால் கட்டாவிட்டால் சேஃப் மார்ச்சில் அந்தத் தாளைப் பார்த்து என்ன நினைப்பாள்?

போன திங்கள் தாளில் அண்ணையின் பெயருக்கு எதிரே இருந்த தொகை மாறியிருந்தது. ஐந்நூறு குரோனர் வந்திருக்கிறது, ஒரு சொல்லும் எழுதாமல். யார் அனுப்பியது, அவரா, அக்காவா, தெரியவில்லை. இன்னும் வரவேண்டியது இரண்டாயிரத்து இருநூறு குரோனர்.